கார்கில் பனியில் விரிசல் விட்ட மேகசின்... இன்சாஸ் துப்பாக்கி சிக்கியது ஏன்?

திருவொற்றியூரில் 1950-களில் ஆலை தொடங்கிய ராயல் என்ஃபீல்டுக்கு, 'துப்பாக்கி போலத் தயாரிக்கப்பட்டது' என்றொரு பழைய விளம்பர வாசகம் உண்டு. இங்கிலாந்தின் என்ஃபீல்டில் இருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரிபாகங்கள் செய்து கொடுத்ததால் வந்த பெயர், வந்த பெருமை அது. வடசென்னை மெக்கானிக்குகளுக்கு புல்லட் எப்போது மக்கர் பண்ணும் என்பது நன்றாகவே தெரியும். துப்பாக்கியே மக்கர் பண்ணினால்?

1999 கார்கில் போரில் நம் ராணுவ வீரர்களுக்கு அந்த அனுபவம் கிடைத்தது. அவர்கள் கையில் இருந்தது 5.56 மி.மீ. இன்சாஸ். பழைய எஸ்.எல்.ஆருக்கு மாற்றாக நம் நாட்டிலேயே வடிவமைத்த துப்பாக்கி. இஷாப்பூர், கான்பூரோடு நம் திருச்சி படைக்கலத் தொழிற்சாலையிலும் தயாரானது.

பிரச்னை, பெரிய பாகங்களில் மட்டும் இல்லை. தோட்டாக்களை அடுக்கும் மேகசின் என்ற பிளாஸ்டிக் பெட்டியிலும் இருந்தது!

இன்சாஸ் மேகசினில் 20 தோட்டாக்கள் பிடிக்கும். எத்தனை மிச்சம் இருக்கிறது என்று வெளியிலிருந்தே தெரியட்டும் என ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் செய்திருந்தார்கள். யோசனை நல்ல யோசனைதான். ஆனால், கார்கிலின் உறைபனியில் அது விரிசல் விட்டது. ஃப்ரீசரில் வைத்த பிளாஸ்டிக் டப்பா கைதவறி விழுந்தால் பட்டென்று உடையுமே, அதே கதைதான். குளிரில் பிளாஸ்டிக்கின் நெகிழ்வு போய்விடும்.

ஒரு விரிசல் துப்பாக்கியையே நிறுத்துமா? நிறுத்தும். விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டு பாயும். அப்போது உண்டாகும் வாயுவில் கொஞ்சம், குழலில் உள்ள சிறு துளை வழியே போய் ஒரு பிஸ்டனைப் பின்னால் தள்ளும். காலி உறை வெளியே விழும். பிறகு ஸ்பிரிங் விசையில் முன்னால் வரும் பாகம், மேகசினின் மேல்விளிம்பில் காத்திருக்கும் தோட்டாவைத் தள்ளிக்கொண்டு போய்க் குழலில் ஏற்றும். அந்த விளிம்பு விரிந்தாலோ உடைந்தாலோ தோட்டா சாய்ந்து நின்றுவிடும். அவ்வளவுதான், சிக்கிவிட்டது.

அதனால்தான் இந்த வகைத் துப்பாக்கிகளில் முதல் சந்தேகம் எப்போதும் மேகசின் மீது விழும். டிவி ஓடவில்லை என்றால் முதலில் ரிமோட் பேட்டரியை மாற்றிப் பார்ப்போமே, அதுபோல மேகசினை மாற்றிப் பார்ப்பார்கள். மாற்றியதும் சரியானால் குற்றவாளி அதுதான். சரியாகவில்லை என்றால், அடுத்து வாயு போகும் வழியில் கரி அடைத்திருக்கிறதா, காலி உறையை இழுக்கும் கொக்கி தேய்ந்திருக்கிறதா என்று போக வேண்டும். பகலில், பயிற்சி மைதானத்தில் இது ஐந்து நிமிட வேலை. எதிரி சுட்டுக்கொண்டிருக்கும்போது ஐந்து நிமிடம் யார் தருவார்?

இன்சாஸில் வேறு புகார்களும் வந்தன. மூன்று குண்டுகளோடு நிற்க வேண்டிய துப்பாக்கி நிற்காமல் சுட்டது, எண்ணெய் தெறித்துச் சுடுபவரின் கண்ணில் பட்டது எனப் பட்டியல் நீண்டது. 2001-ல் '1பி1' என்ற திருத்திய மாடல் வந்தது. மேகசின் உடையும் புகார் அதன் பிறகும் ஓயவில்லை.

இந்தியாவிடம் இன்சாஸ் வாங்கிய நேபாளத்தில் நிலைமை இன்னும் மோசம். 2005 ஆகஸ்ட்டில் மாவோயிஸ்டுகள் ராணுவ முகாமைத் தாக்கியதில் 43 வீரர்கள் இறந்தார்கள். நீண்ட சண்டையில் துப்பாக்கிகள் சரியாக வேலை செய்யவில்லை என்றது நேபாள ராணுவம். முறையாகக் கையாளாததுதான் காரணம் என்றது இந்தியத் தரப்பு. கையாளுவதில் தவறு இருந்திருக்கலாம். ஆனால், களைத்துப்போன கையிலும் வேலை செய்வதுதானே நல்ல துப்பாக்கி?

2019 பிப்ரவரியில் 72,400 சிக் சாவர் துப்பாக்கிகளை அமெரிக்காவிலிருந்து வாங்க ஒப்பந்தமானது. அமேதி அருகே கோர்வாவில் ரஷ்யாவுடன் சேர்ந்து ஏ.கே. 203 தயாரிப்பும் தொடங்கியது. திருச்சியும் சும்மா இருக்கவில்லை. 'திருச்சி அசால்ட் ரைஃபிள்' என்று ஊர்ப் பெயரிலேயே ஒரு துப்பாக்கியைச் செய்தது, கலாஷ்னிகோவ் பாணியில்.