சிறு மின்வலையமைப்புக்கு மாதிரியுரு அமைத்தல்

மாணவர்களே, கற்பிட்டி வீதியால் சென்றவர்கள் மாம்புரிக் கடலோரத்தில் சுழலும் காற்றாலைகளைக் கண்டிருப்பீர்கள். 2010 இல் இயங்கத் தொடங்கிய இவை தேசிய மின்வலையமைப்புடன் இணைக்கப்பட்டவை. காற்று தளர்ந்தால் நுரைச்சோலை அனல்மின் நிலையமோ மலைநாட்டு நீர்மின் நிலையங்களோ அக்குறையை ஈடுசெய்யும். வீட்டில் மின்குமிழ் அணையாது.

கற்பிட்டிக்கு அப்பால் கடலிலுள்ள மீன்பிடித் தீவொன்றை எண்ணிப் பாருங்கள். அதுவரை கடலடி வடம் இடுவது பெருஞ்செலவு. ஆகவே சூரிய கலத் தொகுதி, காற்றுச் சுழலி, மின்கலத் தொகுதி, டீசல் மின்பிறப்பாக்கி ஆகியவற்றை இணைத்து அங்கேயே மின் வழங்கலாம். இதுவே சிறு மின்வலையமைப்பு. யாழ்ப்பாணத்து எழுவைதீவில் இவை நான்கும் சேர்ந்த அமைப்பொன்று நிறுவப்பட்டது.

இங்கு ஈடுசெய்ய வேறு நிலையம் இல்லை. கணக்குப் பிழைத்தால் அன்றிரவே ஐஸ் உருகும், மீன் பழுதாகும். எனவே பொருள்களைப் படகில் ஏற்றுமுன் அமைப்பு எவ்வாறு இயங்கும் என்பதைக் கணித்துப் பார்க்கிறோம். அக்கணிப்பே மாதிரியுரு.

உதாரணம் (பெறுமானங்கள் எடுகோள்கள்): 60 வீடுகள் நாளொன்றுக்கு 60 அலகு பாவிக்கின்றன, இதில் 40 அலகு இரவில். மீன் குளிரறைக்கு 40 அலகு. இதில் 20 அலகு இரவில். மொத்தத் தேவை 100 அலகு. (1 அலகு = 1 கிலோவாற்று மணி. மின்பட்டியலில் வருவதும் இதுவே.) 1 கிலோவாற்று சூரிய கலத் தொகுதி நாளொன்றுக்கு 4 அலகு தருமெனின், 25 கிலோவாற்றுத் தொகுதி 100 அலகு தரும்.

உற்பத்தி 100, தேவை 100. போதும் என்று பலர் விடையை இங்கே முடித்துவிடுவர். அது தவறு. பகல் தேவையான 40 அலகு நேரடியாகக் கிடைக்கும். இரவின் 60 அலகு மின்கலத்தில் சேமிக்கப்பட்டே வரவேண்டும். மின்கலத்தின் வினைத்திறன் 90% எனின், 60 அலகைப் பெற 60 ÷ 0.9, அதாவது ஏறத்தாழ 67 அலகை உட்செலுத்த வேண்டும். ஆகவே உண்மைத் தேவை 107 அலகு. நல்ல வெயில் நாளிலும் 7 அலகு குறைகிறது!

காற்றிலும் சராசரி ஏமாற்றும். காற்றின் வலு வேகத்தின் மும்மடிக்கு விகிதசமம். அரைநாள் 4 மீ/செக், அரைநாள் 8 மீ/செக் எனின் சராசரி வேகம் 6. அதன் மும்மடி 216. ஆனால் 64 இனதும் 512 இனதும் சராசரி 288. சராசரி வேகத்தை மட்டும் பிரதியிட்டவர் நான்கிலொரு பங்கு காற்றுச் சக்தியைக் கணக்கில் எடுக்காது விட்டார்.

மறுபுறம், ஆண்டுச் சராசரி பற்றாக்குறையை மறைக்கும். புத்தளக் கரையில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று பலமாக வீசும். அப்போது இரவிலும் சுழலி உழைக்கும், சிறிய மின்கலமும் போதும். ஒக்டோபர், நவம்பரில் காற்று தளரும். இம்மாவட்டத்துக்கு மழை கூடுதலாகக் கிடைப்பதும் அப்போதே. வெயிலும் காற்றும் ஒன்றாகக் குறையும் அந்நாள்களே மின்கலத்தின் அளவையும் டீசல் தேவையையும் தீர்மானிக்கின்றன. (மே மாத அளவீட்டை மட்டும் காட்டிச் சுழலி விற்க வருபவரிடம் நவம்பர் அளவீட்டையும் கேளுங்கள்.)

இதனாலேயே ஆண்டின் 8760 மணித்தியாலங்களுக்கும் உற்பத்தி, பாவனை, மின்கல இருப்பு ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கணிக்கின்றனர். ஐக்கிய அமெரிக்காவின் தேசிய மீளப் புதுப்பிக்கத்தக்க சக்தி ஆய்வுகூடம் உருவாக்கிய ஹோமர் என்னும் மென்பொருள் இதனைச் செய்யும். 2005 இல் வெளியான அதன் ஆய்வொன்று, நாளொன்றுக்கு 305 வாற்று மணி பாவிக்கும் இலங்கை வீட்டை உதாரணமாக எடுத்தது. தேவை கூடக்கூட, சூரிய கலத்துடன் டீசல் பிறப்பாக்கியையும் சேர்ப்பதே செலவு குறைந்தது என அது கண்டது. டீசலை முற்றாக விலக்குவதே சிறந்தது என எழுதும் மாணவர்கள் இதைக் கவனிக்க.

பயிற்சி: மேலே தரப்பட்ட உதாரணத்தில், குளிரறையின் இரவுப் பாவனை 20 அலகையும் பகலுக்கு மாற்றினால் பற்றாக்குறை எவ்வளவு?

விடை: பகல் 60; இரவு 40 ÷ 0.9 = 44.4. மொத்தம் 104.4. பற்றாக்குறை 4.4 அலகு.