குளிர்ந்த எஞ்சினில் தோன்றி மறையும் இழுவைக் குறைவு

மும்பையில் பல்லாண்டுகள் டாக்சிகளாக ஓடிய பிரீமியர் பத்மினி வண்டிகள் 2023 அக்டோபர் இறுதியில் அத்தொழிலிலிருந்து ஓய்வு பெற்றன. 1089 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள அவற்றின் எளிய எஞ்சின், வண்டியோட்டிகளை அலைக்கழிக்கும் ஒரு கோளாற்றை விளக்க இன்றும் ஏற்றதாகும்.

மழைக்காலத்தில் தாராவியில் இரவெல்லாம் வெட்டவெளியில் நின்ற அத்தகைய வண்டி ஒன்றைக் காலையில் கிளப்புவதாகக் கொள்வோம். நின்ற நிலையில் எஞ்சின் சீராக ஓடும். சயான் நோக்கிச் செல்ல ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் வண்டி குலுங்கும்; இழுவை குன்றும். கால் மணி நேரத்தில் யாவும் சரியாகிவிடும். பட்டறையை அடையும்போது கோளாறு இராது. ஆதலின் வண்டியை முன்னாள் மாலையே பட்டறையில் விட்டு, மறுநாள் முதன்முதலாகக் கிளப்பும்போது மெக்கானிக்கை உடனிருக்கச் செய்தல் வேண்டும்.

குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோலின் ஒரு பகுதி ஆவியாகாமல் குழாய்ச் சுவர்களில் படிகிறது. அக்குறையை ஈடுசெய்யவே ‘சோக்’ அமைந்துள்ளது. அதைச் சிறிது இழுத்ததும் இழுவை மீண்டால், எரிகலவையில் பெட்ரோல் குறைந்துள்ளது என்பது தெளிவு. மாற்றம் இல்லையெனில் மின்பொறியை ஆராய்க.

கடலோர ஊர்களில் இரண்டாவதை முதலில் ஐயுறுவதே தக்கது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் படிந்த உப்பும் தூசியும் ஈரமுற்றால் மின்சாரத்திற்குக் குறுக்குவழி கிடைக்கிறது. பிளக்கின் இடைவெளியைத் தாண்டப் பல்லாயிரம் வோல்ட் தேவை. ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது சிலிண்டரினுள் மிகுதியான கலவை புகுந்து அழுத்தம் உயர்வதால், பொறி பாய்வதற்கு இன்னும் மிகுதியான வோல்ட் வேண்டும். அப்போது மின்சாரம் பிளக்கை விடுத்து ஈரத்தின் வழியே கசிந்துவிடுகிறது. நின்ற நிலையில் சீராக ஓடிய எஞ்சின் சாலையில் தடுமாறுவது இதனாலேயே. எஞ்சினின் சூட்டில் ஈரம் உலர்ந்ததும் கசிவு நிற்கிறது.

விடியுமுன் இருளில் பானெட்டைத் திறந்து நோக்கினால் வயர்களின் மீது நீலக் கீற்றுகள் ஓடுவதைச் சிலபோது காணலாம். ஓடும் எஞ்சினில் அவ்வயர்களைத் தொடலாகாது. எஞ்சினை நிறுத்தி, மூடியின் உள்ளும் புறமும் உலர்ந்த துணியால் துடைத்துக் கிளப்புக. குலுக்கம் நின்றால் இடம் தெரிந்துவிட்டது. மூடியில் மயிரிழைபோன்ற கரிக்கோடு காணப்பட்டாலோ துடைப்பது போதாது. கரியும் மின்கடத்தியாதலால் மூடியையே மாற்றுதல் வேண்டும்.

இக்கால ஜீப்புகளில் சோக்கின் பணியைக் கணினி செய்கிறது. குளிர்நீரின் வெப்பத்தை அளக்கும் சென்சார், குளிர்ந்த எஞ்சினைச் சூடானதென்று அறிவித்தால், பெட்ரோல் குறைவாகவே செலுத்தப்படும். இரவு முழுவதும் நின்ற வண்டியில் அந்தச் சென்சார் காட்டும் அளவு, சுற்றியுள்ள காற்றின் வெப்பநிலையையொட்டி இருக்கின்றதா என்று கிளப்புமுன் பார்த்தல் வேண்டும்.