பிரதிமேல் பிரதி: ஸேகர்ஸ், ரெம்ப்ராண்ட், ஒரு செப்புத் தகடு

‘எட்சிங்னா என்னங்க, பழைய காலத்து ஜெராக்ஸ்தானே?’ கூட்டம் முடிந்து டீ குடிக்கையில் நண்பர் ஒருவர் கேட்டார். இல்லை என்றேனே தவிர, ஏன் இல்லை என்று அப்போது சொல்ல வரவில்லை. வால்டர் பெஞ்சமின்கூட, இயந்திர மறுஉற்பத்தி பற்றிய தன் கட்டுரையில் எட்சிங்கை ஒரு வரியில் கடந்துபோய்விடுகிறார்.

செய்முறை எளிது. செப்புத் தகட்டின்மேல் மெழுகும் பிசினும் கலந்த பூச்சு. அதில் ஊசியால் வரைந்து அமிலத்தில் இட்டால், கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். பிறகு மை தடவி, மேலே இருப்பதைத் துடைத்துவிட்டு, ஈரத்தாளை வைத்து உருளையில் அழுத்தினால் பள்ளத்து மை தாளுக்கு ஏறிவிடும். உளியால் செம்பைச் செதுக்கப் பொற்கொல்லரின் பழகிய கை வேணும். இதற்கு வரையத் தெரிந்தால் போதும். 17ஆம் நூற்றாண்டு ஹாலந்தின் ஓவியர்கள் பலரை இந்தச் சுதந்திரம்தான் இழுத்தது.

நகலெடுக்க வந்த இந்தத் தொழில்நுட்பத்தை நகலுக்கே எதிராகத் திருப்பினவர் ஹெர்குலிஸ் ஸேகர்ஸ். ஒரே தகட்டைத் தாளிலும் துணியிலும் வேறுவேறு நிறங்களில் அச்சிட்டார், ஓரங்களை வெட்டினார், மேலே தூரிகையும் வைத்தார். இதில் மூலம் எது?

அவருடைய தகடு ஒன்று பின்னால் ரெம்ப்ராண்ட் கைக்கு வந்தது. தோபியாவும் தேவதூதனும் நடந்துபோகிற நிலக்காட்சி. 1653 வாக்கில் ரெம்ப்ராண்ட் அந்த இருவரையும் சுரண்டிவிட்டு, எகிப்துக்குத் தப்பியோடும் மரியாள் குடும்பத்தை அங்கே வைத்தார். சுரண்டினது முழுசாப் போகலை. தேவதூதனின் சிறகுத் தடம் மரங்களுக்குள் இன்னும் தெரிகிறது. ‘டெக்ஸ்ட்’டுக்கும் ‘காப்பி’க்கும் பிரதி என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாம் திண்டாடுகிறோமே, இந்தத் தகட்டின் முன்னால் அந்தக் குழப்பம் எனக்குச் சரியாகவே படுகிறது.

‘மூன்று சிலுவைகள்’ (1653) இன்னும் ஒரு படி மேலே. அதில் அமிலம் இல்லை. ஊசியாலும் உளியாலும் நேரே செம்பில் கீறியது. அப்படிக் கீறுகையில் ஓரத்தில் எழும் பிசிறுதான் கோட்டுக்கு அடர்ந்த கறுப்பைத் தருவது. சில டஜன் தாள்களிலேயே அது நசுங்கிவிடும். தகடு தேய்ந்தபின் ரெம்ப்ராண்ட் பழைய கோடுகளையே மறுபடி ஆழமாக்கியிருக்கலாம். செய்யவில்லை. நாலாம் நிலையில் கூட்டத்தில் பலரைச் சுரண்டியெடுத்தார், மேலிருந்து சரசரவென்று கோடுகளை இறக்கினார். கள்ளர்களில் ஒருவன் இருளில் ஏறக்குறையக் காணாமல் போகிறான். முதல் நிலையில் கதை தெளிவு; இதில் யார் எங்கே நிற்கிறார் என்றே தேட வேண்டியிருக்கிறது. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

இதில் வியாபாரமும் இல்லாமல் இல்லை. சின்னச்சின்ன மாற்றம் செய்து அதே படத்தைப் புதுசாக விற்றார் என்று 1718இல் ஹூப்ராக்கன் எழுதிவைத்தார். இருக்கலாம். ஆனால் சந்தைக்காக மட்டும் ஒருவர் கூட்டத்தையே இருட்டில் தள்ளுவாரா?