பனாட்டும் பணியாரமும்

யாழ்ப்பாணத்துக் குடாநாட்டில் ஆவணி மாதம் பிறந்துவிட்டதை அறிதற்குப் பஞ்சாங்கம் வேண்டுவதில்லை. சோளகக் காற்று அடங்கிவரும் நள்ளிரவில், வளவின் கோடியிலே 'தொம்' என்றோர் ஓசை எழும். பனம்பழம் வீழ்ந்தது என்று பாயிற் கிடப்போர் அறிவர். முன்னாளில் அவ்வோசை கேட்டமாத்திரத்தே விளக்குடன் எழுந்து சென்று பொறுக்குவார் இருந்தனர். விடியுமட்டும் பொறுத்தால் அயலார் கடகத்திற் போய்விடும் என்னும் அச்சம் அவர்க்கு. இந்நாளிலோ பழம் வீழ்ந்த இடத்திலேயே கிடக்கின்றது. காலையில் மாடு வந்து சூப்பிவிட்டுப் போகின்றது.

மாவும் பலாவும் வாழையும் முக்கனி எனப் பெயர்பெற்று விருந்துப் பந்தியில் இடம்பெற்றன. பனம்பழத்துக்கு அவ்வரிசையில் இடமில்லை. ஆயினும் வடமொழித் தருக்க நூலார் அதனை மறந்தாரல்லர். காகம் வந்திருக்கவும் பனம்பழம் விழவும் நேர்ந்த தற்செயலைக் 'காகதாலீய நியாயம்' என்று பெயரிட்டு உவமையாக்கிக்கொண்டனர். பழம் பழுத்தே விழுகின்றது, காகத்தின்மேற் பழியில்லை. இவ்வுண்மை பனங்கூடலின் நடுவே வாழும் நம் சிறுவர்க்குத் தருக்கம் படியாமலே தெரியும்.

தமிழ் இலக்கணத்தில் இம்மரத்துக்குக் கிடைத்த மதிப்பு இன்னும் பெரிது. தொல்காப்பியர் எழுத்ததிகாரத்து உயிர்மயங்கியலிற் பனை என்னும் சொல்லுக்குத் தனி விதிகள் வகுத்தனர். பனையும் காயும் புணருங்கால் ஈற்று ஐகாரம் கெட்டு அம்முச்சாரியை தோன்றிப் பனங்காய் ஆகும். இஃது எல்லாரும் அறிந்தது. அதனை அடுத்து, பனை என்பதன்முன் அட்டு என்னும் சொல் வரின் ஐகாரம் கெட்டு அவ்விடத்து ஆகாரம் வரும் என்று, அவ்வொரு சொல்லுக்காகவே ஒரு நூற்பா நிற்கின்றது. அதனாற் பிறந்த சொல்லே பனாட்டு. தொல்காப்பியத்தில் ஒரு நூற்பாவைப் பெற்ற சொல்லொன்று வன்னியிலும் வலிகாமத்திலும் தீவகத்திலும் கிழவியர் வாயில் இன்றளவும் நடமாடுகின்றது. உரை நூலில் மட்டும் உயிர்வாழும் எடுத்துக்காட்டுகள் எத்தனையோ! இஃது ஓலைக் குட்டானிலும் வாழ்கின்றது.

இனி அடுக்களைக்குச் செல்வோம். பனங்காய்ப் பணியாரம் சுடுதல் ஒரு நாள் வேலை. அதிலும் பெரும்பகுதி கைவேலை. நன்றாகக் கனிந்து தானே வீழ்ந்த பழத்தைக் கழுவித் தணலில் மெல்ல வாட்டுதல் வேண்டும். வாட்டினால் மேற்றோல் இலகுவிற் கழலும், களியும் இளகும். பின்னர்த் தும்பு பிரிய விதைகளைப் பிளந்தெடுத்து, கைகளாற் பிசைந்து பிழிந்து, துணியில் வடித்தெடுப்பர். நீர் விடலாகாது, விடின் மிகச் சிறிதே விடலாம். என் இல்லாள் நீர் விடுவாரை ஒருநாளும் மதித்ததில்லை. பிழிந்து முடிந்தபின் கை முழங்கைவரை மஞ்சளாகும். நகக்கண்ணிற் புகுந்த தும்பு இரண்டு நாள் போகாது.

வடித்த களியைச் சீனியோடு தாச்சியிலிட்டுக் காய்ச்சும்போதுதான் பொறுமை சோதிக்கப்படுகின்றது. எங்கள் வீட்டில் மூன்று கோப்பைக் களிக்கு ஒரு கோப்பைச் சீனி. பச்சைமணமும் காறலும் போகும்வரை இடைவிடாது துழாவவேண்டும். "இஞ்சருங்கோ, உந்தத் தொல்காப்பியத்தை மூடி வைச்சிட்டு வந்து இதைக் கொஞ்சம் துழாவி விடுங்கோ, அடிப்பிடிக்கப் போகுது" என்னும் குரல் ஆண்டுதோறும் ஆவணியில் எனக்குக் கேட்கும். துழாவுதலும் ஒரு பயிற்சியே. அந்நேரத்தில் வேறெதனையும் நினைத்தல் இயலாது. ஆறிய களியில் வறுத்த அரிசிமாவையேனும் அவித்த கோதுமை மாவையேனும் சிறிது உப்புடன் சேர்த்துக் குழைத்து, விரல்நுனியாற் கிள்ளிக் கொதிக்கும் எண்ணெயில் விடுவர். உருண்டை சரியாக வரவேண்டும் என்பதில்லை. வாலும் மூக்கும் உள்ள பணியாரமே வீட்டுப் பணியாரம் என்பது என் துணிபு. சுட்ட அன்றிலும் மறுநாள் அதன் சுவை மிகும், மறுநாள்வரை மிஞ்சுமானால்.

அந்தக் காறல் எங்கிருந்து வருகின்றது? பனங்களியிலே பிளாபெலிபெரின் எனப்படும் கைப்புப் பொருள்கள் உள்ளன என்று இலங்கை ஆய்வாளர் கண்டு எழுதியுள்ளனர். அவை சபோனின் என்னும் இனத்தைச் சேர்ந்தவை; நீரிற் கலக்கினால் நுரைப்பவை. இந்த நுரையை எங்கள் தலைமுறை ஆய்வுகூடத்திற் கற்கவில்லை. 1990 ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்டு வடபுலத்துக்குப் பொருட்டடை வந்தபோது, சவர்க்காரம் கிட்டாப் பொருளாயிற்று. அப்பொழுது பனம்பழத்தைப் பிழிந்து உடுப்புத் தோய்த்தோம். வெள்ளைச் சட்டை வெளுத்தது. ஆனால் மணம் போகவில்லை. கொடியிற் காயப்போட்ட சேலைத் தலைப்பை அயல்வீட்டு மாடு வந்து சப்பிக்கொண்டு நின்றதை இன்றைய மாணவர்க்குச் சொன்னால் நகைக்கின்றனர். அக்காலத்திற் சீனியும் அரிது. பனங்கட்டியைப் பொடித்திட்டுச் சுட்ட கரிய பணியாரத்தை என் அன்னையார் எண்ணிக் கொடுப்பார். ஆளுக்கு நான்கு, தமக்கு ஒன்று.

இப்போது காலம் மாறியுள்ளது. கொழும்பிலிருந்து வந்த என் தம்பி மகள் சென்ற ஆண்டு இக்களியை வெண்ணெய், முட்டை, கோதுமை மா என்பவற்றோடு சேர்த்து வெதுப்பியில் வைத்துக் கேக்குச் சுட்டாள். "பெரியப்பா, ருசி பாத்துச் சொல்லுங்கோ" என்று ஒரு துண்டை நீட்டினாள். உண்மையைச் சொல்லின், நன்றாகவே இருந்தது. களியைக் காய்ச்சிச் சேர்த்திருந்தமையாற் காறவுமில்லை. மரபு கெட்டது என்று முணுமுணுத்த முதியோரும் இரண்டாம் துண்டு கேட்டனர். பழம் மாட்டுக்குப் போகாமல் மனிதர் வாய்க்கு வருமாயின், அடுப்பு எதுவாயினும் எனக்கு மறுப்பில்லை.

பனாட்டு இவற்றினும் கடினமானது. உயரமான பந்தலில் ஓலைப்பாய் விரித்து, பிழிந்த களியை மெல்லிதாகப் பூசி வெயிலிற் காயவிடுவர். நாளுக்கொரு படையாக மேலும் மேலும் பூசித் தடிப்பு வந்தபின் உரித்து வெட்டி மடித்து, அடுப்புப் புகைபடும் இடத்தில் வைப்பர். பாணியில் ஊறவைத்தாற் பாணிப் பனாட்டு. இடையில் ஒரு மழை பெய்தால் எல்லாம் பூஞ்சணம்.

நான் கற்பிக்கும் கலாசாலையில் அண்மையில் அந்நூற்பாவைப் பாடஞ் சொன்னபோது, பனாட்டுத் தின்றவர் எத்தனைபேர் எனக் கேட்டேன். மூன்று கைகளே உயர்ந்தன. பாடம் முடிந்தபின் கைதூக்காத மாணவி ஒருத்தி தயங்கித் தயங்கி வந்தாள். "ஐயா, எங்கட அம்மம்மா பனாட்டுப் போட்டுச் சந்தைக்குக் குடுக்கிறவ. அதிலதான் நான் படிக்கிறன். எல்லாருக்கும் முன்னால சொல்ல வெக்கமாக் கிடந்தது" என்றாள். ஆவணி, புரட்டாதியில் அவள் வரவு குறைவதன் காரணம் அப்போதுதான் விளங்கிற்று. மூதாட்டிக்கு எழுபது கடந்துவிட்டது. வானம் கறுத்தால் பாயைச் சுருட்டி உள்ளே எடுக்க வேறு கையில்லை.

பத்துத் துண்டு விலைக்குக் கொண்டுவரச் சொன்னேன். கொண்டுவந்தவள், ஐயாவிடம் காசு வாங்கவேண்டாம் என்று அம்மம்மா சொன்னதாகச் சொன்னாள். பண்டிதர்க்குப் பண்டம் இனாமாகக் கொடுக்கும் பழைய வழக்கத்தை நான் அறிவேன், அதற்கு உடன்படவில்லை. சந்தை விலையைக் கேட்டு எண்ணிக் கொடுத்தேன். பின்னர் அவளையே மேசையருகில் நிறுத்தி, பனாட்டுப் போடும் முறையை வகுப்புக்குச் சொல்லப் பணித்தேன். முதலில் நிலத்தைப் பார்த்துப் பேசினாள். பாயின் எந்தப் பக்கம் பூசவேண்டும், காய்ந்ததை எப்படி விரலால் அறிவது என்று வந்தபோது குரல் உயர்ந்தது. அரைப் பாடவேளை பேசினாள். மற்றவர் குறிப்பெடுத்தனர். அவள் வராத நாள்களின் பாடத்தை மாலையிற் சொல்லிக்கொடுப்பதாக ஏற்பாடு.

களி பிழிந்தபின் எஞ்சும் விதைகளையும் எம்மவர் வீசுவதில்லை. மணலைக் குவித்துப் பாத்தியாக்கி அடுக்குவர். தை, மாசியிற் கிழங்கு வரும். அவித்து உண்பர், பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தாற் புழுக்கொடியல். 1995 ஆம் ஆண்டு புரட்டாதியில் என் அன்னையார் ஒரு பாத்தி போட்டிருந்தார். அவ்வாண்டு ஒற்றோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் ஒருசேர இடம்பெயர்ந்தபோது நாமும் ஊர்விட்டு அகன்றோம். பாத்தி அப்படியே கிடந்தது. 1996 இன் நடுப்பகுதியில் திரும்பிவந்து பார்த்தபோது, கிழங்கெல்லாம் முற்றிப் பீலி விட்டு நிரைநிரையாக நின்றது. அயலவர் கிண்டி எறிந்து நிலத்தைத் துப்புரவாக்கச் சொன்னார்கள். அன்னையார் இரண்டை மட்டும் தொடவிடவில்லை.

பனை ஆணோ பெண்ணோ என்பது பூக்கும்வரை தெரியாது. பூக்கப் பல ஆண்டு செல்லும். அதனை அவர் இருந்து பார்க்கவில்லை. ஒன்று ஆணாயிற்று. மற்றதன் பழமே இவ்வாண்டும் எங்கள் தாச்சிக்கு வந்தது.