ஏற்காட்டு வணிக இணையதள வடிவமைப்பில் தமிழ்ப் புணர்ச்சியின் இடம்

திறவுச்சொற்கள்: ஏற்காடு, இணையதளம், குற்றியலுகரப் புணர்ச்சி, ஒருங்குறி, தேடல்

முன்னுரை

சேலம் மாவட்டத்துச் சேர்வராயன் மலையில் ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள ஏற்காடு, காப்பித் தோட்டங்களுக்கும் சுற்றுலாவிற்கும் பெயர்பெற்றது. சேலம் ஆட்சியராக இருந்த எம்.டி. காக்பர்ன் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் காப்பியை இங்கு அறிமுகப்படுத்தினார். காப்பி, மிளகு விற்போர்க்கும் விடுதி நடத்துவோர்க்கும் இன்று இணையதளமும் ஒரு கடைவாசலாகும். அவ்வாசல் தமிழ்ப் பயனர்க்கு எளிதில் திறக்க இலக்கண அறிவு எவ்வாறு துணைநிற்கும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திட்டமிடல்

தளத்தை வடிவமைக்குமுன் பயனர் யார், எதைத் தேடி வருகிறார் என்பன வரையறுக்கப்பட வேண்டும். விடுதியைத் தேடுபவர்க்கு வாடகை, வழி, அறை இருப்பு ஆகியன முதற்பக்கத்திலேயே கிட்ட வேண்டும். காப்பி வாங்குபவர்க்கு வகை, எடை, விலை ஆகியன வேண்டும். பயனரின் மொழியிலேயே தளம் பேச வேண்டும் என்பது ஜேக்கப் நீல்சன் 1994இல் வகுத்த பத்துப் பயன்பாட்டு நெறிகளுள் ஒன்றன் சாரமாகும். தமிழில் இந்நெறி மொழிபெயர்ப்போடு நிறைவுறுவதில்லை.

தேடலும் புணர்ச்சியும்

‘ஏற்காடு’ என்னும் சொல் வேற்றுமை உருபு ஏற்கும்போது ‘ஏற்காட்டில்’, ‘ஏற்காட்டுக்கு’ எனத் திரிகிறது. டகர, றகர மெய் ஊர்ந்த நெடில்தொடர், உயிர்த்தொடர்க் குற்றியலுகரங்கள் வேற்றுமையில் ஒற்று இரட்டும் என்பது நன்னூல் காட்டும் விதி. எழுத்து வரிசையை மட்டும் ஒப்பிடும் எளிய தேடற்பொறி இதனை அறியாது. எனவே ‘ஏற்காடு’ எனத் தேடுபவர்க்கு ‘ஏற்காட்டில் தங்கும் அறைகள்’ என்னும் பக்கம் கிட்டாது போகும். வணிகர் வாடிக்கையாளரை இழப்பார்.

ஒருங்குறியில் ‘டு’ என்பது டகரம், உகரக்குறி என்னும் இரு குறியீடுகளால் ஆனது. ஆதலால் குறியீட்டு நிலையில் ‘ஏற்காட’ என்பதே இரு வடிவங்களுக்கும் பொதுப்பகுதி. அப்பகுதியைக் கொண்டு தேடினால் இரண்டும் கிட்டும். எனினும் இம்முறை எல்லாச் சொற்களுக்கும் பொருந்தாது. ‘காடு’ என்பதைக் ‘காட’ எனக் குறுக்கினால் ‘காடை’, ‘காட்சி’ ஆகியனவும் வந்து சேரும். எனவே வணிகச் சொற்களை ஈற்றின் அடிப்படையில் வகுத்தல் நலம்:

1. மலை, விடுதி: உடம்படுமெய் பெறினும் அடிச்சொல் மாறாது (மலையில், விடுதியில்). தனி ஏற்பாடு தேவையில்லை.
2. தோட்டம்: மகரம் கெட்டு அத்துச் சாரியை பெறும் (தோட்டத்தில்). இரு வடிவங்களும் தேவை.
3. மிளகு: உயிர்வரின் உகரம் கெடும் (மிளகை).
4. ஏற்காடு, வீடு: ஒற்று இரட்டும் (ஏற்காட்டில், வீட்டில்).

இவ்வகைப்பாட்டைத் தேடற்பகுதியில் பட்டியலாக இணைத்தல் சிறுதளத்திற்கும் இயலும்.

பொத்தான்களின் சொல்லாட்சி

‘பதிவுசெய்’ என்னும் ஏவல் ஒருமை, வாடிக்கையாளரை நோக்கும்போது மரியாதைக் குறைவாகத் தொனிக்கும். ‘பதிவுசெய்யவும்’ என்பது மரியாதையுடையதாயினும் கைப்பேசித் திரையில் நீளும். ‘பதிவுசெய்க’ என்னும் வியங்கோள் சுருக்கமும் மதிப்பும் ஒருங்கே உடையது. தேர்ந்த வடிவத்தையே தளம் முழுதும் ஆளுதல் வேண்டும்.

முடிவுரை

பயனர்க்கு எளிய தமிழ்த்தளம் என்பது வண்ணத்தாலும் படத்தாலும் மட்டும் அமைவதன்று. புணர்ச்சி விதிகள் தேடலுக்கும், வினைவடிவங்கள் பொத்தான்களுக்கும் நேரடியாகப் பயன்படுகின்றன. தமிழ் பயின்றோர் வடிவமைப்பின் தொடக்கத்திலேயே இணைதல் இதனால் இன்றியமையாததாகிறது.