மலைப்பாதைப் பஸ்வண்டியின் முன்னச்சு: இரத்தினபுரித் தோட்டப்புறத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

இயந்திரம் எதுவும் அது இயங்கும் நிலத்தினின்றும், அதனைப் பயன்படுத்தும் மக்களினின்றும் பிரித்து நோக்கத்தக்கதன்று. பஸ்வண்டியின் முன்னச்சு இவ்வுண்மைக்குத் தக்க சான்றாகும்.

1912 இல் இரத்தினபுரிக்கும், 1919 இல் ஓப்பநாயக்கவுக்கும் எட்டிய களனிப் பள்ளத்தாக்கு ஒடுக்கப் புகையிரதப் பாதை, 1970களில் அவிசாவளைக்கு அப்பால் கைவிடப்பட்டது. அதன் பின்னர் காவத்தை, இறக்குவானை, பலாங்கொடைப் பகுதிகளின் தேயிலை, இறப்பர்த் தோட்டத் தொழிலாளர் வைத்தியசாலைக்கோ நகருக்கோ செல்ல வீதிப் போக்குவரத்தையே நம்ப வேண்டியவராயினர். எனவே முன்னச்சின் உறுதி இம்மக்களின் உயிர்ப் பிரச்சினையுமாகும்.

முன்னச்சுக்குப் பணிகள் இரண்டு: பாரத்தைத் தாங்குதல், வண்டியைத் திருப்புதல். இவற்றை நிறைவேற்றும் அமைப்புகளுள் இரண்டு முதன்மையானவை.

முதலாவது, ஒரே உருக்குத் தண்டாலான விறைப்பச்சு. தண்டின் இரு முனைகளிலும் கிங்பின் எனப்படும் முளையைச் சுற்றிச் சக்கரங்கள் திரும்பும். அடுக்கிய வில்தகடுகள் அச்சையும் அடிச்சட்டத்தையும் இணைக்கின்றன. இத்தகடுகள் அதிர்ச்சியைத் தாங்குவதோடு, அச்சினை அதன் இடத்தில் நிறுத்தியும் வைக்கின்றன. உறுப்புகள் சில, தேய்வனவும் சில. தகடொன்று முறிந்தால் சிறிய கராஜிலேயே மாற்றலாம். குறைபாடு யாதெனில், ஒரு சக்கரம் குழியில் இறங்கும்போது மற்றதும் சாய்கிறது. வில்லின் கீழுள்ள எடை மிகுதியாதலால் குலுக்கலும் மிகுகிறது.

இரண்டாவது, சக்கரங்கள் தனித்தனியே ஏறியிறங்கும் தனித்தொங்கல். அமெரிக்காவில் நெடும்பயணத்துக்கென அமைக்கப்படும் டீசல் வீட்டூர்திகள் பலவற்றில் இது காற்றுப்பைகளோடு இணைந்து காணப்படுகிறது. பயணம் மென்மையாகிறது, சக்கரம் கூடுதலாகத் திரும்பவும் இடமுண்டாகிறது. ஆயின் இணைப்புகள் பல; அவை தேயுமிடத்துச் சக்கரங்களின் நேரமைவு குலையும். செப்பனிடத் தனிக் கருவிகளும் பயிற்சியும் தேவை. ஈரவலயத்தின் சேற்றிலும் மழையிலும் ஓடும் வண்டிக்கு இது எளிய சுமையன்று.

இனிப் பாரத்தை நோக்குவோம். முழு எடை 10 தொன், அச்சுகளுக்கிடைத் தூரம் 5 மீற்றர், ஈர்ப்புமைய உயரம் 1.2 மீற்றர் எனக் கொள்வோம். பத்துக்கு ஒன்று என்னும் சரிவில் சீரான வேகத்தில் இறங்கும்போது ஏறத்தாழ 240 கிலோகிராம் பாரம் பின்னச்சிலிருந்து முன்னச்சுக்கு மாறுகிறது. அவ்விறக்கத்திலேயே, புவியீர்ப்பு முடுக்கத்தின் பத்தில் மூன்று பங்கு வீதத்தில் வேகம் குறையுமாறு பிரேக் இட்டால் மேலும் 720 கிலோகிராம் மாறும். சமதரையில் 3600 கிலோகிராம் தாங்கிய முன்னச்சு இப்போது 4560 கிலோகிராம் தாங்குகிறது. கால்பங்குக்கும் மேலான கூடுதல் இது. ஆகவே முன்னச்சு, வில்தகடு, ரயர் ஆகியவற்றைச் சமதரைப் பாரம் கொண்டு தெரிதல் பிழையாகும்; இறக்கத்தின் பாரமே அளவுகோலாக வேண்டும்.

மறுபுறம், பின்னச்சுக்கு அப்பால் நெரிசலும் மூட்டைகளும் மிகுந்தால் ஏற்றத்தில் முன்சக்கரங்களின் பிடிப்புக் குறைகிறது. சாரதி சுக்கானைத் திருப்பினாலும் வண்டி உரியவாறு திரும்பாது. மழை நனைத்த கொண்டையூசி வளைவில் இதன் விளைவைக் கூற வேண்டியதில்லை.

இவற்றை நோக்குமிடத்து, தோட்டப்பாதைக்கு விறைப்பச்சும் வில்தகடும் பொருந்துவன என்பதே எமது முடிபு. ஆயின் எளிமை என்பது கவனிப்பின்மைக்கு அனுமதியன்று. கிங்பின்னுக்கு முறையாக மசகிடுதல், முறிந்த தகட்டோடு வண்டியை ஓடவிடாமை, பார எல்லையைக் காத்தல் ஆகிய மூன்றும் இன்றேல் நல்ல அச்சும் பயனற்றதாகும். ஒரு பஸ்ஸில் இரு பஸ்ஸுக்குரிய மக்கள் ஏறுவது அவர்தம் விருப்பத்தாலன்று. மற்றொரு பஸ் வாராமையாலேயே. எனவே முன்னச்சைக் காப்பதற்குப் பொறியியலறிவு மட்டும் போதாது. தோட்டப்புறத்துக்குப் போதிய பஸ்சேவை என்னும் சமூக நீதியும் வேண்டும்.