குலுக்கலில் கிடைத்த விடை

2020-ம் ஆண்டு ஜப்பானில் நிண்டெண்டோ ஸ்விட்ச் என்ற வீடியோ கேம் கருவி கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. கொரோனாவால் வீட்டில் அடைந்து கிடந்தவர்கள் எல்லோரும் அதைத் தேடினார்கள்; சரக்கோ வரவில்லை. அந்த நவம்பரில் வெளியான பிளேஸ்டேஷன் 5-க்கும் அதே கதி. கூட்டத்தைச் சமாளிக்கக் கடைகள் குலுக்கல் நடத்தின. பெயர் விழுந்தவர் மட்டும் காசு கொடுத்து வாங்கலாம்.

வியாபாரத்துக்காகச் செய்த இந்த ஏற்பாடு ஆய்வாளர்களுக்குப் பெரிய வாய்ப்பாக அமைந்தது. வீடியோ கேம் மனதுக்கு நல்லதா, கெட்டதா என்ற ஆராய்ச்சி எப்போதும் ஓரிடத்தில் சிக்கிக்கொள்ளும். நாள் முழுக்க விளையாடும் பையன் சோர்ந்து கிடக்கிறான் என்றால், விளையாட்டுதான் அவனைச் சோர்வாக்கியதா, அல்லது சோர்வு தாங்காமல் விளையாட்டுக்குள் ஒதுங்கினானா? வெறும் கருத்துக்கணிப்பால் இதைப் பிரித்துச் சொல்ல முடியாது. குலுக்கலோ பிரித்துக் காட்டியது. பெயர் கொடுத்த எல்லோருமே கருவிக்கு ஆசைப்பட்டவர்கள். கிடைத்தவரையும் கிடைக்காதவரையும் பிரித்தது அதிர்ஷ்டம் மட்டுமே. புது மருந்தைச் சோதிக்கும்போது சீட்டுக் குலுக்கி நோயாளிகளை இரு பிரிவாக்குவார்களே, அது இங்கே தானாகவே நடந்திருந்தது.

ஆய்வாளர் ஹிரோயுகி எகாமி தலைமையிலான குழு 2020 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை, 10 முதல் 69 வயது வரையுள்ள 97,602 பேரிடம் தகவல் திரட்டியது. அவர்களில் குலுக்கலில் கலந்துகொண்டவர்களைத் தனியே எடுத்து ஒப்பிட்டது. முடிவுகள் 2024 ஆகஸ்டில் ‘நேச்சர் ஹியூமன் பிஹேவியர்’ இதழில் வெளிவந்தன. கருவி கிடைத்தவர்களிடம் மன உளைச்சல் குறைந்திருந்தது. விளையாடியவர்களுக்கு வாழ்க்கை மீதான நிறைவும் கூடியிருந்தது.

ஆனால் நாளுக்கு 3 மணி நேரத்தைத் தாண்டியபின், கூடுதல் நேரத்தால் வந்த பலன் தேய்ந்துகொண்டே போனது. பிளேஸ்டேஷன் 5-ஆல் சிறுவர்களுக்குக் கிடைத்த நன்மை பெரியவர்களுக்குக் கிடைத்ததைவிடக் குறைவு. எல்லாமே பெருந்தொற்று நாட்களின் கணக்கு என்பதையும் மறக்கக் கூடாது.

நம் வீடுகளில் “எத்தனை மணி நேரமா அதையே பிடிச்சிட்டு உட்கார்ந்திருக்கே?” என்பதுதான் முதல் கேள்வி, பல நேரங்களில் ஒரே கேள்வியும்கூட. அது போதாது என்பதே என் வாதம். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-ல் 7 விளையாட்டுகளை ஆடும் சுமார் 39,000 பேரை ஆராய்ந்தார்கள். ஆடியவர்களின் ஞாபகத்தை நம்பாமல், நிறுவனங்களின் பதிவிலிருந்தே நேரத்தை எடுத்தார்கள். நேரம் கூடினாலும் குறைந்தாலும் மனநலம் சொல்லும்படியாக மாறவில்லை. விரும்பி ஆடியவர்கள் நன்றாக இருந்தார்கள். ஆடியே தீரவேண்டும் என்ற உந்துதலில் ஆடியவர்கள் அப்படி இல்லை.

நேரத்தை மட்டும் எண்ணினால் என்ன தவறிப்போகும் என்பதற்கு நார்வேயின் மாட்ஸ் ஸ்டீனின் வாழ்க்கை சான்று. டுஷென் தசைச்சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் இருந்த அவர், ஆயிரக்கணக்கான மணி நேரத்தை ‘வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்’ விளையாட்டில் கழித்தார். நட்பு, காதல் எதுவும் அறியாமலே பிள்ளை போய்விடுவான் என்று பெற்றோர் கலங்கினார்கள். 2014-ல், 25 வயதில் அவர் இறந்தார். அவருடைய வலைப்பூவில் தந்தை அந்தச் செய்தியை எழுதியதும் பல நாடுகளிலிருந்து மின்னஞ்சல்கள் குவிந்தன. ‘இபெலின்’ என்ற பெயரில் ஆடிய மாட்ஸ், விளையாட்டில் தன்னோடு இருந்த குழுவினரின் துயரங்களை மணிக்கணக்கில் கேட்டு, ஆலோசனை சொல்லி, சிலருடைய குடும்ப உறவையே சரிசெய்திருந்தார். குழுவில் சிலர் நார்வே வரை பயணப்பட்டு இறுதிச் சடங்குக்கு வந்தார்கள். அவரைப் பற்றிய ஆவணப்படம் 2024-ல் வெளியானது. நடக்க முடியாத ஒருவர் அந்த உலகத்தில் ஓடினார் என்பதைவிட, பிறருக்குத் தேவைப்பட்டவராக இருந்தார் என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. தனிமையில் இருப்பவருக்கு இதைவிட நல்ல மருந்து ஏது?

பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ரம்மியை இந்த ஆய்வுகளோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது சூது, அதன் கணக்கே வேறு. சாதாரண விளையாட்டிலும் சிலர் சிக்கிக்கொள்கிறார்கள் என்பது உண்மை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் ‘கேமிங் கோளாறு’ இடம்பெற்றிருக்கிறது. கட்டுப்பாடு இழப்பது, மற்ற எல்லாவற்றையும்விட விளையாட்டே முக்கியமாகிவிடுவது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது ஆகியவை அதன் அடையாளங்கள். இவை பொதுவாக 12 மாதங்கள் நீடிக்க வேண்டும். இத்தனை மணி நேரம் ஆடினால் நோய் என்று அதில் எங்கும் இல்லை. தூக்கம், படிப்பு, சாப்பாடு எல்லாவற்றையும் மாதக்கணக்கில் தொலைத்தவனை மனநல மருத்துவரிடம் அழைத்துப் போகத்தான் வேண்டும். பள்ளி விட்டு வந்து, ஹெட்செட் மாட்டிக்கொண்டு, நண்பர்களோடு சத்தம் போட்டு விளையாடிவிட்டுச் சாப்பிட எழுந்து வருகிற பிள்ளையை அந்தப் பட்டியலில் சேர்க்க மருத்துவம் இடம் தரவில்லை.